டோபி காட்டில் கைமாறிய மிக்சர்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தின் வாயிலருகே ஒரு சனிக்கிழமை மாலை கால் மணி நேரம் நின்று பாருங்கள். தடுப்புக்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். இடுப்பளவு உயரத் தடுப்புக்கு மேலாக, இணையத்தில் பேசி முடித்த பழைய பொருளோடு ஒரு பை கைமாறும். பையில் குழந்தையின் காலணி இருக்கும், பழைய கைப்பேசி இருக்கும், சில நாள் கித்தாரே இருக்கும். மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் இடம் என்பதால் ஜூரோங்கிலிருந்து வருபவருக்கும் பொங்கோலிலிருந்து வருபவருக்கும் இது வசதி. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் ஓடையோரம் துணி துவைத்துக் காயவைத்த துறை இது. பெயரே அதைச் சொல்லும். இன்று ஊரார் துணிக்குப் பதிலாக ஊரார் பழைய பொருள்கள் வந்துபோகின்றன.

நானும் இங்கேதான் ஒரு மிக்சர் வாங்கினேன். கொறிக்கிற மிக்சர் அல்ல. மைக்குகளையும் கீபோர்டையும் ஒன்றுசேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர். 12 சேனல், 280 வெள்ளி. “எல்லாம் ஓகேண்ணே, போன வாரம்கூட ஒரு கல்யாணத்துக்குப் போட்டேன்” என்றார் விற்றவர். விளக்கு எரிகிறதா என்றுகூட நான் பார்க்கவில்லை. பார்க்க அங்கே பிளக்கு ஏது?

மூன்றாவது வாரம் சமூக மன்றத்தில் பஜனை. விருத்தம் பாடிக்கொண்டிருந்த அக்காவின் குரல் பாதியில் காணாமல் போனது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஆட்டினேன், வந்தது. அடுத்த அடியில் மறுபடி போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் இரண்டு மணி நேரம் குறையே இல்லாமல் பாடியது. மருத்துவரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளை மாதிரி.

இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் பழைய சாதனங்களில் மிக மோசமானது. அடியோடு செத்துப்போன மிக்சரை எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போய் நிற்கலாம். சில நேரம் மட்டும் ஊமையாகும் மிக்சரைக் காட்டினால், “இங்கே நல்லாத்தானே இருக்கு” என்று அனுப்பிவிடுவார்கள். கோளாறு எங்கே என்ற கேள்வியும் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இங்கே ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. முதல் கேள்விக்கு அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் இரண்டாவதில் தோற்றுப் போவோம். மூடியைத் திறந்துவிட்டால், “நீங்கள் திறந்ததால்தான் கெட்டது” என்ற பதில் விற்றவருக்குச் சும்மா கிடைத்துவிடும். ஆகவே மிக்சரைத் திறக்காமலே செய்யக்கூடியவற்றை முதலில் செய்து முடியுங்கள். செய்யும்போதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

முதல் சந்தேகம் மிக்சர் மேல் விழக்கூடாது, வயர் மேல் விழவேண்டும். மேடையில் மிதிபட்டு, சுருட்டி, இழுத்து, வாரந்தோறும் வதைபடுவது அதுதான். பாடும் மைக் கம்பியில்லா மைக்காக இருந்தால் அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கம்பி மைக்கைப் போடுங்கள். பேட்டரி இறங்கியதாலும் அலைவரிசை மோதலாலும் போகும் சத்தத்துக்கு மிக்சரைத் திட்டிப் பயனில்லை. பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்ற விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வயரை மாற்றுங்கள், கேளுங்கள். அதே வயரை, அதே மைக்கை வேறு சேனலில் செருகுங்கள், கேளுங்கள். கோளாறு மைக்கோடு கூடவே போகிறதா, பழைய சேனலிலேயே தங்குகிறதா? ஒரே நேரத்தில் வயரையும் மைக்கையும் சேனலையும் மாற்றுகிறவர் கோளாறைச் சரிசெய்தாலும் எது கோளாறு என்று தெரியாமலே சரிசெய்வார். அடுத்த வாரம் அது திரும்பி வரும்.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் போய்ப் போய் வருகிறதென்றால், மிக்சரின் பின்புறம் இடது, வலது வெளியீட்டு வயர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். அதே ஸ்பீக்கர் மறுபடியும் ஊமையானால் வயரோ ஸ்பீக்கரோ குற்றவாளி. ஊமைத்தனம் எதிர்ப்பக்க ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு மிக்சருக்குள் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஆனாலும் இதைச் செய்யாமலே நல்ல ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டவர்களை நான் அறிவேன்.

கோளாறு ஒரு சேனலில் என்று தெரிந்துவிட்டால், அந்தச் சேனலின் பிஎஃப்எல் பொத்தானை அழுத்தி ஹெட்போனில் கேளுங்கள். ஃபேடருக்கு முன்பே எடுக்கப்படும் சத்தம் அது. ஹெட்போனில் தெளிவாகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் போனால், ஃபேடருக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் தேடவேண்டும். ஹெட்போனிலும் போனால் கோளாறு அதற்கு முன்னால், மைக் செருகும் இடத்திலிருந்து ஃபேடர் வரை. திறக்காமலேயே தேடவேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு துளையைப் பற்றிச் சொல்லவேண்டும். பல அனலாக் மிக்சர்களில் ஒவ்வொரு சேனலுக்கும் ‘இன்சர்ட்’ என்று எழுதிய ஒரு ஜாக் இருக்கும். கம்ப்ரசர் போன்ற வெளிச் சாதனத்தை இடையில் இணைக்க வைத்தது. நம்மில் பெரும்பாலோர் அதை ஆயுளில் ஒரு தடவைகூடப் பயன்படுத்துவதில்லை. சிக்கலே அங்குதான். அந்த ஜாக்குக்குள் ஒரு சிறு வில்தகடு இருக்கிறது. எதுவும் செருகாதபோது தகடு தொட்டுக்கொண்டிருக்கும், சத்தம் அதன் வழியாகத்தான் மேலே போகும். பல ஆண்டுகள் தொடாமல் கிடந்தால் தொடுமிடத்தில் ஆக்சைடு படிகிறது. மெல்லிய குரலுக்கு அந்தப் படலம் வழிவிடாது. ஓங்கிப் பாடினால் உடைத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் சோதனைக்கு “ஹலோ, ஹலோ” என்று கத்தும்போது நன்றாக இருக்கும் மிக்சர், விருத்தத்தின் மெல்லிய தொடக்கத்தில் காலை வாருகிறது. ஆண்டு முழுதும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூரில் இந்தப் படலம் படியாவிட்டால்தான் அதிசயம்.

சோதனை எளிது. ஒலியளவை இறக்கிவிட்டு, ஒரு கால் அங்குல ஜாக் பின்னை அந்த இன்சர்ட் துளையில் முழுதாகச் செருகி, உருவி, பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். சத்தம் உயிர்பெற்றுவிட்டால் வியாதி தெரிந்துவிட்டது. உரசலில் படலம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே. சில மாதத்தில் மறுபடி வரலாம். பிறகு முறையாகச் சுத்தம் செய்யவேண்டும், அல்லது ஜாக்கையே மாற்றவேண்டும்.

குமிழைத் திருப்பும்போதும் ஃபேடரை நகர்த்தும்போதும் மட்டும் கரகரவென்று இரைந்தால், உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் தூசியும் தேய்மானமும். ‘கான்டாக்ட் கிளீனர்’ என்று விற்கும் மருந்து தேவைப்படும். பூட்டுக்கும் கதவுக் கீலுக்கும் அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் பசை தூசியை அழைத்து வந்து குடிவைக்கும். போட்டவுடன் நன்றாக இருந்து, இருபது முப்பது நிமிடம் சூடான பிறகு ஒரு சேனல் போகிறதென்றால் விரிசல் விட்ட சால்டரிங் மேல் சந்தேகப்படலாம். எல்லாச் சேனலும் ஒரே நொடியில் மங்கி, கூடவே மீட்டர் விளக்குகளும் மங்கினால் மின்வழங்கிப் பகுதி. இவை இரண்டும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்யும் வேலையல்ல.

டிஜிட்டல் மிக்சராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ‘டிக் டிக்’ என்று சொடுக்குச் சத்தம் விட்டு விட்டு வந்தால் அது பழுதாக இல்லாமலிருக்கலாம். மிக்சரும் அதோடு டிஜிட்டலாக இணைத்த சாதனமும், ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸிலும் மற்றது 48-லும் ஓடினாலோ, இரண்டுமே தானே தலைவன் என்று ஆளுக்கொரு கடிகாரத் தாளம் போட்டாலோ இப்படித்தான் கேட்கும். தொழிற்சாலை அமைப்புக்கு (ஃபேக்டரி ரீசெட்) திருப்பிவிட்டுச் சோதிக்காமல் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அவமானம் நமக்கு.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் கைப்பேசி ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒரே காட்சியில் மிக்சரின் வரிசை எண் தெரியவேண்டும், எந்தச் சேனல் என்று தெரியவேண்டும், மீட்டர் துள்ளுவது தெரியவேண்டும், சத்தம் போவது கேட்கவேண்டும். நறுக்காதீர்கள், இசை சேர்க்காதீர்கள், மூலப்பதிவை அப்படியே வைத்திருங்கள். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இந்தப் பதிவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பார்த்த அன்றே விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தொலைபேசியில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும்.

உயிருக்கே ஆபத்தானவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்து இறங்கும் சாதனங்கள் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. இங்கே சுவரில் வருவது 230. பின்புறம் ஒட்டியிருக்கும் மின்னழுத்தச் சீட்டைப் படிக்காமல் பிளக்கு மாற்றி வைத்துச் செருகினால் புகைதான் மிஞ்சும். உம்ம் என்ற இரைச்சலைப் போக்க மூன்றாவது பின்னான எர்த்தை வெட்டிவிடுவது மேடைக்காரர்களிடம் பரம்பரையாக வரும் கெட்ட பழக்கம். இரைச்சல் போகும், உள்ளே ஒரு வயர் கழன்று உலோக உடலைத் தொட்டால், உதட்டருகே மைக் பிடித்திருக்கும் பாடகருக்குத்தான் முதல் அடி. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், பயிற்சி இல்லாதவர் மூடியைத் திறக்கவே வேண்டாம். கூட வரும் அடாப்டர் மாற்று அடாப்டராக இருந்தால் அதன்மேல் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, யார் பொறுப்பு? யாரிடம் வாங்கினீர்கள் என்பதில் தொடங்குகிறது பதில்.

கடையில் வாங்கியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நடப்பில் இருக்கும் ‘லெமன் சட்டம்’, பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தின் ஒரு பகுதி. அது பழைய பொருளுக்கும் பொருந்தும். இது பலருக்குத் தெரியாது. செகண்ட் ஹேண்ட் என்றாலே நம் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், விற்றபோதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டவேண்டிய சுமை விற்றவருடையது. “இங்கே நல்லாத்தானே இருக்கு” என்ற பதிலுக்கு இதைவிட நல்ல எதிர்ப்பதில் இல்லை. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்தில் நடக்காவிட்டால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது பொருளைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பழைய மிக்சரில் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது அரிது என்பதால், ஒரு சேனல் மட்டும் போனதற்கு விலைக் குறைப்பே பல நேரம் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் இந்த உரிமை போகாது.

ஆனால் எல்லைகள் உண்டு. “7-வது சேனல் சரியில்லை” என்று சொல்லி விற்றிருந்தால் 7-வது சேனலைப் பற்றிப் பேச முடியாது. பத்து வயது மிக்சர் புதிது போல் இருக்கவேண்டும் என்றும் யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தேய்மானம் குறையாகாது. சட்டம் காக்கும் ‘பயனீட்டாளர்’ ஒரு தனிமனிதர் என்பதையும் கவனியுங்கள். கோயில் பஜனைக் குழுவோ சங்கமோ தன் பெயரில் வாங்கினால், அல்லது முழுக்க வாடகை ஒலி அமைப்புத் தொழிலுக்காகவே வாங்கினால், லெமன் சட்டத்தின் நிழல் அங்கே விழாமல் போகலாம். பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்கவேண்டும் என்ற பொருள் விற்பனைச் சட்டத்தின் பக்கம் போகவேண்டியிருக்கும். நம் குழுக்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 1973-இல் ஊர்வல இசைக்கு வந்த கட்டுப்பாட்டுக்குப் பின் நெடுங்காலம் கழித்து 2016-இல் தைப்பூச ஊர்வலப் பாதையில் சில இடங்களில் நேரடி இசைக்கு வழி திறந்தது. டோபி காட் பசுந்திடலும் அத்தகைய இடமாக இருந்திருக்கிறது. அதற்குப் பின் பாடும் குழுக்கள் ஆளுக்கொரு மிக்சர் தேடுகின்றன. யார் பெயரில் ரசீது போடுகிறோம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

ரயில் நிலைய வாயிலில் தனிமனிதரிடம் வாங்கியிருந்தால் லெமன் சட்டம் எட்டாது. என் நிலை அதுதான். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. விற்றவர் சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்கவேண்டும் என்பது தனிமனிதர் விற்பனைக்கும் உண்டு. “எல்லாச் சேனலும் வேலை செய்கிறது” என்று எழுதியிருந்து, அது பொய் என்று காட்ட முடிந்தால், தவறான கூற்றை நம்பி வாங்கினேன் என்று கேட்கலாம். எழுதியிருந்தால் என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். என்னிடம் இருந்த குறுஞ்செய்தியில் விலையும் சந்திக்கும் நேரமும் மட்டுமே இருந்தன. “எல்லாம் ஓகேண்ணே” என்பது வாயால் சொன்னது. வாரம் பத்து சாதனம் விற்கிறவர் தனிமனிதர் போல் காட்டிக்கொண்டாலும், அவர் வியாபாரியே என்று வாதிட இடமுண்டு.

பேசித் தீராவிட்டால், கடை சம்பந்தப்பட்ட புகாருக்கு 1971 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸ் சமரசம் பேசும். தனியார் இருவருக்கு இடையிலான பேரத்தில் அது தலையிடாது. அங்கும் ஆகாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. பயனீட்டாளர் 5,000 வெள்ளிக்குட்பட்ட கோரிக்கையைப் பதிய 10 வெள்ளி கட்டினால் போதும். வழக்கறிஞர் கிடையாது, உங்கள் வாய்தான். இணையம் வழி பதியலாம். தனிமனிதர்மீதும் கோரிக்கை தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும் என்பதால் காலம் இருக்கிறதே என்று உறங்கிவிடாதீர்கள்.

ஆனால் மன்றத்துக்குப் போக எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். வாயிலில் ரொக்கத்தைக் கொடுத்து, புனைபெயர் மட்டும் தெரிந்த ஒருவரிடம் வாங்கியவர் யார் மேல் தொடுப்பார்? பேநவ் மின்பரிமாற்றம் வழி கொடுத்திருந்தால் ஒரு தடயமாவது மிஞ்சும். பார்க்காமலே முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணில் கேட்டுவிடலாம். அசாதாரண மலிவாக இருந்தால் வரிசை எண்ணைக் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் வாங்கியவரும் குற்றவாளி.

கடை என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்கவேண்டாம். டோபி காட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் சிம் லிம் சதுக்கத்தில் 2014-இல் வியட்நாமியச் சுற்றுப்பயணி ஒருவர் ஐஃபோன் 6-க்கு 950 வெள்ளி கொடுத்தார். உத்தரவாதத்துக்கென்று இன்னும் 1,500 கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் மண்டியிட்டு அழுத காணொளி உலகெங்கும் போனது. கடைக்காரர் 2015-இல் 33 மாதச் சிறைக்குப் போனார். அந்தக் காணொளி இல்லாவிட்டால் இவ்வளவு வேகமாக நீதி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

என் மிக்சருக்கு வந்தது இன்சர்ட் ஜாக் வியாதி. விற்பனைத் தளத்தில் விற்றவர் வைத்திருந்த கணக்கு அதற்குள் மறைந்துவிட்டது. முகவரி இல்லை, எழுத்து இல்லை, வாங்கிய அன்று எடுத்த பதிவும் இல்லை. பழுதுபார்க்கிறவர் நான்கு ஜாக்குகளை மாற்றி 90 வெள்ளி வாங்கினார். கூட்டிப் பார்த்தால், கொஞ்சம் சேர்த்துப் போட்டு உத்தரவாதத்தோடு கடையிலேயே வாங்கியிருக்கலாம்.

பழைய மிக்சர் வாங்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகச் செய்த அனலாக் மிக்சர் இருபது ஆண்டும் உழைக்கும். டோபி காட்டில் சந்திப்பதாக விற்பவர் எழுதினால், “சுற்றுவட்டாரத்தில் ஒரு ஜாமிங் ஸ்டுடியோவை ஒரு மணி நேரம் எடுக்கிறேன், வாடகை என்னுடையது, அங்கே வாருங்கள்” என்று பதில் எழுதுங்கள். ஒரு கம்பி மைக், உங்களுக்கு நம்பிக்கையான வயர் ஒன்று, ஹெட்போன், ஒரு ஜாக் பின் போதும். போட்டு அரை மணி நேரம் சூடாகட்டும். மெதுவாகப் பேசி ஒவ்வொரு சேனலாகக் கேளுங்கள். எல்லாச் சேனலும் வேலை செய்கிறதா என்று குறுஞ்செய்தியில் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். வரமாட்டேன், நேரமில்லை, நிலைய வாயிலில்தான் தருவேன் என்று அவர் சொன்னால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மிக்சர் உங்களுக்கு வேண்டாம்.